வலப்பக்கம் தம்பிக்கு

பேப்பர்ல அந்தப் பக்கத்த மடிச்சிராதிய அண்ணாச்சி. கீழ மூலையில ஒரு சின்னச் செய்தி கெடக்கு பாருங்க, ‘மாப்பிள்ளை ஊர்வலக் கார் கவிழ்ந்தது, ஒருவர் படுகாயம்’னு. அந்த வண்டி எங்க வண்டிதான். படுகாயம்னு போட்டிருக்கது எந் தம்பி சொரிமுத்து. அதுக்கும் கீழ, ‘டிரைவர் உச்சிமாகாளியிடம் போலீசார் விசாரணை’ன்னு இருக்குல்லா, அது நாந்தான். விசாரணையெல்லாம் முடிஞ்சிட்டு. ரெண்டு நாளு வச்சிருந்துட்டு இன்னைக்குக் காலையில விட்டுட்டாவ. இப்ப இந்த பஸ்ஸுல நேரா பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போறேன், அவனப் பாக்க.

தள்ளி உக்காராதிய. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். நான் சாதுவான ஆளு. கல்லிடைக்குறிச்சியில இறங்கி யார்ட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, உச்சிமாகாளி வம்பு தும்புக்குப் போற ஆளான்னு. கையில கட்டு இருக்கதப் பாத்துப் பயப்படுதிய போல. அது அடிதடி இல்ல, வேற. சொல்லுதேன்.

மொதல்ல, கவிழ்ந்ததுங்கது பச்சைப் பொய். வண்டி கவிழல. வலப்பக்கம் மட்டும் உக்காந்துட்டு. இடப்பக்கம் ஜம்முனு நின்னுச்சி. எழுதுதவன் வந்து பாத்துல்லா எழுதணும். வலப்பக்கம் உக்காந்தா அதுக்கு வலப்பக்கத்துக்காரன் பொறுப்பு. நான் இடப்பக்கத்துக்காரன்.

முழிக்கிய. எல்லாரும் இப்பிடித்தான் முழிக்காவ. ஏட்டையாவும் இப்பிடித்தான் முழிச்சாரு.

எங்கப்பா சிவனணைஞ்ச பெருமாள் ஒரு கார் வச்சிருந்தாரு. ஐம்பத்திரண்டு மாடல் ப்ளைமவுத்து. மலையில எஸ்டேட்டு வச்சிருந்த ஒரு தொரைட்ட இருந்து வாங்குனது. வாங்குன ஒடனே கூரைய அறுத்து எறிஞ்சிட்டாரு. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் தெறந்த வண்டியாக்கிட்டாரு. இந்தப் பக்கத்துல அம்பாசமுத்திரம், வீரவநல்லூரு, சேரன்மாதேவி எல்லாம் அந்த வண்டியில ஏறாம மாப்பிள்ளையாகிட்டேன்னு சொல்ல ஒருத்தன் முன்ன வர மாட்டான். நான் ஏறியிருக்கேன். எந் தம்பியும் ஏறியிருக்கான், அவன் கல்யாணத்துக்கு நாந்தான் ஓட்டுனேன்.

அப்பா செத்த பதினாறாம் நாளு பாகம் பிரிச்சாவ. வீடு ரெண்டாப் பிரிஞ்சிட்டு, வயலு பிரிஞ்சிட்டு. காரு மட்டும் நின்னுக்கிட்டு இருக்கு. நீ எடுத்துக்கிடுன்னு நானும் சொல்லல, அவனும் சொல்லல. வித்துருங்கன்னு ஒரு புரோக்கர் வந்தான், மீசை வச்சவன். அவன நாங்க ரெண்டு பேருமாச் சேந்து அடிச்சோம். நான் பிடிச்சுக்கிட்டேன், சொரிமுத்து அடிச்சான். பொறவு அவன் பிடிச்சுக்கிட்டான், நான் அடிச்சேன். அதுதான் நாங்க ஒத்துமையாச் செஞ்ச கடைசிக் காரியம்.

எங்க தாய்மாமன் வேலாயுதம் மாமா யோசிச்சுப் பாத்தாரு. நாலு பேரு முன்னால வண்டியச் சுத்தி நடந்தாரு. பொறவு சொன்னாரு: “ஆளுக்கு ஒரு பக்கம்ல. இடப்பக்கச் சக்கரம் ரெண்டும், அதுக்கு மேல கீழ உள்ளது எல்லாமும் மூத்தவனுக்கு. வலப்பக்கம் இளையவனுக்கு. எது தேஞ்சாலும் எது ஒடஞ்சாலும் அவனவன் பக்கத்த அவனவன் பாத்துக்கிடணும். இஞ்சினு நடுவுல கெடக்கு, அது பொது. ஒரு முகூர்த்தம் ஒருத்தன் ஓட்டட்டும், மறு முகூர்த்தம் மத்தவன். ஓட்டாதவன் வலது முன்சக்கரத்துக்கு முன்னால நடந்து கூட்டத்த வெலக்கணும், ஓட்டுதவன் காதுல விழுற மாதிரி சத்தம் குடுக்கணும். சம்மதமா?”

சம்மதம்னு சொல்லிட்டோம். நல்ல பாகம்தானே அண்ணாச்சி? என்ன குத்தம் அதுல? சிரிக்காதிய.

ஆனா ஒண்ண மாமா மறந்துட்டாரு. ஸ்டியரிங்கு வலப்பக்கம்லா இருக்கு. அன்னைக்கு மத்தியானம் பந்தியில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம். சொரிமுத்து ரசத்த ஊத்திக்கிட்டே இளிக்கான். “அண்ணே, நீ ஓட்டணும்னாலும் எம் பக்கத்துல ஏறித்தான் ஓட்டணும். ஏறும்போது செருப்பக் கழத்திரு”ன்னான். எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போயி, ஜாக்கிக் கம்பிய எடுத்தாந்து அவன் முழங்காலுக்குக் கீழ ஒரு தட்டுத் தட்டுனேன். சின்னத் தட்டுதான். எலும்பு லேசா விண்டுட்டுன்னு டாக்டர் சொன்னாரு, டாக்டருமாரு கூட்டித்தானே சொல்லுவாவ. அவன் எங் கையக் கடிச்சிட்டான். இந்தா, கட்டுக்கு மேல பாருங்க. நாலு பல்லு. எச்சிக்கையோட கடிச்சான், சவத்துப் பய.

நான் அடிச்சத மறந்துட்டேன். அவன் கடிச்சத மறக்கல, அதுதான் என் கொணம்.

இப்பிடியே மூணு வருசம் ஓடிச்சி. நான் ஓட்ட அவன் நடக்க, அவன் ஓட்ட நான் நடக்க. பேச்சு உண்டு, சண்டையும் உண்டு. போன பங்குனியோட பேச்சு நின்னுட்டு. காரணம் கேக்காதிய, ஹாரன் சம்பந்தமான ஒரு விசயம். ஹாரன் நடுவுலயா வலப்பக்கமாங்கதுல வாக்குவாதமாகி அவன் என்னக் கெணத்து மேட்டுல வச்சுத் தள்ளிட்டான். நான் விழல, துலாக்கல்லப் பிடிச்சுக்கிட்டேன். பிடிச்ச கையோட ஒரு கல்ல எடுத்து எறிஞ்சேன். அது அவன் பொண்டாட்டி கோமு மேல பட்டுட்டு. அதுக்குத்தான் பேச மாட்டேன்னு போயிட்டான். அவன் மேல படல, அவ மேல பட்டதுக்குப் பேச மாட்டானாம்.

அதுக்குப் பொறவு ஒரு நாளு ஓட்டிக்கிட்டு இருக்கையில பாக்கேன், வண்டி திரும்பும்போது முன்னால கடகடங்கு. ஸ்டியரிங்கு பிடிச்சா பிடியில நிக்கல. அம்பாசமுத்திரத்துல கனி பாய் பட்டறைக்குக் கொண்டு போனேன். எங்கப்பா காலத்துல இருந்து அவருதான் பாக்காரு. பாய் முன்னால ஜாக்கி வச்சுத் தூக்குனாரு. சக்கரத்த மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுனாரு. விழப்போற பல்லு மாதிரி ஆடிச்சி.

உங்களுக்குப் புரியுத மாதிரிச் சொல்லுதேன். முன்சக்கரம் நிக்கிறது கிங் பின்னுன்னு ஒரு இரும்புல. பெருவிரல் கனத்துல உள்ள முளை. சக்கரம் திரும்புறது அதச் சுத்தித்தான். அதப் பிடிச்சுக்கிட மேல ஒரு கை, கீழ ஒரு கை. ரெண்டு கைக்கும் நடுவுல ஒரு சுருள் ஸ்பிரிங்கு. எம்பது வயசுக் கெழவன் இடுப்பு மாதிரி எல்லாம் தேஞ்சு போச்சின்னாரு பாய். அந்த முளையச் சுத்தி இருக்க வளையம், புஷ்ஷும்பாவ, அதெல்லாம் பொடிப்பொடியா வருது. “ரெண்டு பக்கமும் ஒண்ணாப் பிரிச்சு மாத்தணும் மாகாளி”ன்னாரு. நான் சொன்னேன், “எம் பக்கத்த மட்டும் பாருங்க பாய்.”

“என்னலே பேசுத. ஒத்தக் காலுக்கு மருந்து போட்டு ஓடவா முடியும்?”

“அவன் காலு அவன் பாடு. எம் பக்கத்தப் பாருங்க.”

பாய்க்கு மனசில்ல. ஆனாலும் செஞ்சாரு. திருநெல்வேலியில லேத்துல குடுத்துப் புதுக் கிங் பின்னு கடஞ்சு வாங்கியாந்தேன், வெங்கலத்துல புஷ்ஷு. மெட்ராசுல ஒரு பழைய வண்டிக்காரன்ட்ட இருந்து புது ஸ்பிரிங்கு ஒண்ணு. ஒண்ணுதான். எம் பக்கத்துக்கு ஒண்ணு போதும்லா.

பாய் ஸ்பிரிங்க ஏத்திக்கிட்டு இருக்காரு. அது லேசுப்பட்ட வேலை இல்ல அண்ணாச்சி. கீழ்க் கைக்கு அடியில ஜாக்கி வச்சு, ஸ்பிரிங்க அமுக்கி அமுக்கி, அது உள்ளுக்குள்ள திமிறிக்கிட்டே இருக்கும். கை தப்புனா ஆளக் கொன்னுரும். அந்த நேரம் பாத்து வாரான் சொரிமுத்து. எவனோ போயிச் சொல்லியிருக்கான். என்னப் பாக்கல. பாயப் பாத்துச் சொல்லுதான்: “பாய், எம் பக்கத்த யாரும் தொடப்படாது. சொல்லிருங்க.”

நான் பாயப் பாத்துச் சொன்னேன்: “அவன் பக்கத்த எவன் தொடுதான். பீய எவனாவது தொடுவானா, கேளுங்க பாய்.”

அவன் கீழ கெடந்த பழைய கிங் பின்ன எடுத்துப் பாத்தான். “இதுல என்ன தேய்மானம் இருக்கு? இன்னும் பத்து வருசம் ஓடும். சில பேருக்கு வீம்புல்லா”ன்னு அதத் தூக்கி என் காலடியில போட்டான். போட்டானா, எறிஞ்சானா, அது எனக்குத் தெரியாது. நான் எடுத்தேன், எறிஞ்சேன். புருவத்துல பட்டுட்டு. ரெத்தம் கண்ணு வழியா எறங்கி வாயில போகுது, அவன் துப்பிக்கிட்டே வாரான். வந்து எங் கழுத்தப் பிடிச்சான். நான் அவன் மூக்குல குத்துனேன். ரெண்டு பேரும் உருண்டு போயி ஜாக்கி மேல விழுந்தோம்.

ஸ்பிரிங்கு எகிறிட்டு. சத்தம்னா சத்தம், வெடி வச்ச மாதிரி. எங்க ரெண்டு பேரு மூஞ்சிக்கும் நடுவுல, ஒரு சாண் எடைவெளியில போயி, பட்டறைச் செவத்தப் பேத்துக்கிட்டு வெளிய விழுந்துச்சி. அந்தப் பக்கம் ஆளு நிக்கல, அதுதான் ஆண்டவன் செயல். நாங்க ரெண்டு பேரும் கெடந்த இடத்துலயே கெடந்தோம். அவன் எங் கழுத்துல இருந்து கையெடுத்து எம் மூஞ்சியத் தடவிப் பாத்தான், பட்டுட்டான்னு. நானும் அவனப் பாத்தேன். பொறவு ஞாபகம் வந்து மறுபடியும் குத்துனேன்.

கனி பாய் சம்மட்டிய எடுத்துட்டாரு. “போங்கல ரெண்டு பேரும். ஒங்கப்பன் மூஞ்சிக்காகத்தான் பாக்கேன்”ன்னு வெரட்டி விட்டுட்டாரு. சொரிமுத்துக்குப் புருவத்துல ஆறு தையலு.

மறுநாளு பாய் என்ன மட்டும் கூப்பிட்டு விட்டாரு. இடப்பக்கம் முடிஞ்சிட்டு, கூடவே வலப்பக்கத்துல ஒரு காரியம் செஞ்சு வச்சிருந்தாரு. கையால தொடல, பாத்துக்கிடுங்க. தொடப்படாதுன்னு அவனே சொல்லிட்டான்லா. சக்கரம் மாட்டுற அச்சு இருக்குல்லா, கிங் பின்னோட சேர்ற இடம், அங்கன துணியில மண்ணெண்ணெய நனச்சுத் தடவி, நல்லாத் தொடச்சிட்டு, சாக்பீஸ் பொடியத் தூவியிருந்தாரு. இரும்புல கீறல் இருந்தா உள்ள போன மண்ணெண்ணெய் மறுபடியும் கசியும். வெள்ளைப் பொடியில கோடு விழும். விழுந்திருந்துச்சி. முடி கனத்துல ஒரு கோடு, முக்கால் வட்டம்.

“பாத்துக்க”ன்னாரு. “இது எப்பம் வேணும்னாலும் ஒடயும். நாளைக்கும் ஒடயும், அடுத்த மாசமும் ஒடயும். நான் நாளான்னைக்கு ஹஜ்ஜுக்குக் கெளம்புதேன், வர நாப்பது நாளாகும். ஒந் தம்பி போன் போட்டா எடுக்க மாட்டேங்கான், என் மேலயும் கோவம். நீ சொல்லிரு. சொல்லுவியா?”

நான் தலைய ஆட்டுனேன். ஆட்டுனேன், அவ்வளவுதான். வாயத் தெறந்து சொல்லுதேன்னு சொல்லல. நான் சத்தியம் தவறுனவன் இல்ல.

ஏன் சொல்லலன்னு கேக்கிய. எப்பிடிச் சொல்ல? பேச்சு வார்த்தை இல்லியே. கோமுட்டயாவது சொல்லியிருக்கலாமேன்னு நெனைக்கிய. போனேன் அண்ணாச்சி. மறைக்க மாட்டேன், போனேன். அவன் வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒரு செவருதான். கோமு ஒரு சொம்பு மோரு கொண்டாந்து தந்தா. நெத்தியில அவளுக்கும் நான் எறிஞ்ச கல்லு பட்ட தழும்பு இருக்கு, அதப் பாத்துக்கிட்டே குடிச்சேன். உள்ள அவன் புருவத்துல தையலோட சோறு தின்னுக்கிட்டு இருக்கான். நான் வந்தது தெரியும். திரும்பிப் பாக்கல. ஒரு வார்த்தை, ‘என்ன’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கல. சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்கான். மோரக் குடிச்சேன், சொம்பக் குடுத்தேன், வந்துட்டேன். தப்பு யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க.

சரி, அத விடுங்க. வண்டி வெளிய வந்த பொறவு பாக்கணுமே. எம் பக்கம் புது ஸ்பிரிங்கு, நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கி. அவன் பக்கம் பழைய ஸ்பிரிங்கு, குனிஞ்சு நிக்கி. ஊரே பாத்துச் சிரிச்சிச்சி. பின்னால உக்காருத மாப்பிள்ளைமாரெல்லாம் வலப்பக்கமாச் சரிஞ்சு சரிஞ்சு போறாவ, மாலைய ஒரு கையில பிடிச்சுக்கிட்டுக் கதவ ஒரு கையில பிடிச்சுக்கிட்டு. எனக்கு அதப் பாக்கதுல அப்பிடி ஒரு சந்தோசம். பொய் சொல்ல மாட்டேன். இடப்பக்கத்தப் பாத்தா மகன் எஞ்சினியராகி வந்து நிக்க மாதிரி இருக்கும்.

அவனுக்குப் பொறுக்கல. ஒருநாள் மத்தியானம் அரிவாளக் கொண்டாந்து எம் பக்கத்து டயர வெட்டிட்டான். ரெண்டையும். அப்பயாவது ரெண்டு பக்கமும் சமமா நிக்கும்னு பாத்திருப்பான். நான் கடப்பாரைய எடுத்துப் போயி அவன் பக்கத்து முன் வெளக்க ஒடச்சேன். கதவுல ரெண்டு குத்து. அவன் ஓடி வந்தான், கடப்பாரைய மறுமுனையில பிடிச்சான். இழுத்தோம் ரெண்டு பேரும். நான் விட்டுட்டேன். அவன் மல்லாக்க விழுந்து பின்மண்டையில அடிபட்டுட்டு. விட்டதுக்கும் என்னத்தான் ஏசுனான். பிடிச்சா ஏசுதான், விட்டா ஏசுதான்.

இப்ப நடந்ததுக்கு வாரேன். போன புதன்கெழமை. வைகாசி முகூர்த்தம். சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும், வெயிலு கொறயல. மொறைப்படி நான் ஓட்டுதேன், அவன் நடக்கான். வலது முன்சக்கரத்துக்கு நாலடி முன்னால. மேளக்காரங்க முன்ன போறாவ, வெடி போடுதாவ. சொரிமுத்து துண்ட ஆட்டி ஆட்டிப் பிள்ளையள வெலக்குதான். “தள்ளு, தள்ளு, எண்ணே பைய வா”ங்கான். அது எங்கிட்டப் பேசுற பேச்சு இல்ல. அது தொழிலு. மாமா சொன்ன சத்தம்.

சத்தம் கேட்டுச்சான்னு ஏட்டையாவும் கேட்டாரு. கேட்டுச்சி. கேக்காமலா இருக்கும், எங்கப்பா மடியில உக்காந்து நான் ஸ்டியரிங்கு பிடிச்ச வண்டி. கோயில் தெருவுல திரும்பையில ஒரு ‘டொக்’கு. தேரடியில ஒரு ‘டொக்’கு. வலப்பக்கம். என் வலது காலு வழியா ஏறி வயித்துக்குள்ள வந்துச்சி. எம் பக்கமா இருந்தா அங்கனயே நிறுத்தியிருப்பேன். அவன் பக்கத்துக்கு நான் நிறுத்தப் போயி, பாத்தியா அண்ணன் எறங்கி வந்துட்டான்னு அவன் நெனச்சிரப்படாதுல்லா.

கால்வாய்ப் பாலம் ஏறி எறங்குற சரிவு. எறங்கும்போது பாரமெல்லாம் முன்னாலதான வரும். ஒடஞ்சிட்டு. பெரிய சத்தமெல்லாம் இல்ல, கரும்ப ஒடிச்ச மாதிரி. சக்கரம் உள்ளுக்குள்ள மடிஞ்சி வண்டி வலப்பக்கமா விழுந்து இழுத்துக்கிட்டே போகுது. நான் ஸ்டியரிங்க இடப்பக்கம் ஒடிக்கேன், அது கேக்கல. பிரேக்க மிதிக்கேன். மிதிச்ச மிதியில இன்னும் வலப்பக்கமே இழுக்கு. சொரிமுத்து திரும்பிப் பாத்தான். அவனுக்கு ஒரு பக்கம் பாலத்துச் செவரு, ஒரு பக்கம் வண்டி. ஓட எடம் இல்ல. பம்பரு அவன் தொடையில வச்சு அமுக்கி, தலையும் கையும் மோத, செவரோட சேத்துட்டு. நசுங்குற சத்தம் மேளத்துல கேக்கல. மேளக்காரன் ஒருத்தன் திரும்பிப் பாத்து நிறுத்துன பொறவுதான் கேட்டுச்சி. அது நசுங்குற சத்தம் இல்ல, அவன் கத்துறது.

மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. முழங்கையில சிராய்ப்பு. அத எழுதியிருக்கானா பாருங்க, எழுதியிருக்க மாட்டான்.

நான் எறங்குனேன். எறங்கி மொதல்ல எம் பக்கத்தப் போயிப் பாத்தேன். இடது சக்கரம், கிங் பின்னு, ஸ்பிரிங்கு, குனிஞ்சு எல்லாத்தையும் பாத்தேன். ஒரு கீறல் இல்ல. அப்பிடியே இருந்துச்சி. பொறவுதான் அந்தப் பக்கம் போனேன். ஏன் அப்பிடிப் பாக்கிய? பாகம் பாகந்தானே. வேலையில நான் கொறை வச்சேன்னு பின்னால ஒரு சொல்லு வரப்படாதுல்லா.

போயிப் பாத்தா, இடுப்புக்குக் கீழ ஆளு தெரியல. ரெத்தம் பம்பருல இருந்து வடிஞ்சு சரிவுல ஓடுது, மேளக்காரன் செருப்புக்கடியில போகுது. அவன் மூஞ்சி மட்டும் வண்டிக்கு மேல தலகாணியில வச்ச மாதிரி இருக்கு. வேர்த்து ஊத்துது. என்னப் பாத்தான். ரெண்டு மாசம் கழிச்சு என்னப் பாத்துப் பேசுதான்.

“எண்ணே.”

“என்னல.”

“பாய் ஒங்கிட்டச் சொன்னாராண்ணே?”

நான் என்ன செய்யட்டும். கேட்டுட்டான். நான் பொய் பேசுற சாதி இல்ல. “சொன்னாரு”ன்னேன்.

ஏசுவான்னு பாத்தேன். ஏசல. கண்ண மூடிக்கிட்டான். எனக்கு வெறி வந்துட்டு அண்ணாச்சி. எங்கயிருந்து வந்துச்சோ. பம்பர ரெண்டு கையாலயும் பிடிச்சேன், அடியில தகடு அரிவாளு மாதிரி இருக்கும், அதப் பிடிச்சேன். தூக்குனேன். வண்டி எவ்வளவு பாரம்னு தெரியுமா? நாப்பது மூடை நெல்லு. எவனெவனோ ஓடி வந்து பிடிச்சான், சீக்கிரம் வாங்கலன்னு பிடிக்க வந்தவனையே காலால ஒதச்சேன், ஏன் ஒதச்சேன்னு தெரியல. தூக்கிட்டோம். கையி பிஞ்சதே எனக்குத் தெரியாது. எட்டு வெரலுக்குத் தையல் போட்டிருக்காவ. ஸ்டேசன்ல வச்சுத்தான் வலிக்கவே ஆரம்பிச்சிச்சி.

பொறவு போலீசு. தையல் போட்ட எடத்துல இருந்தே கூட்டிட்டுப் போயிட்டாவ. கோளாறு தெரிஞ்சும் ஓட்டுனியா, தெரியாம ஓட்டுனியான்னு ஒரே கேள்வி. தெரிஞ்சு ஓட்டுனா உள்ளதான், ஜாமீனு கூடக் கெடைக்காதுங்காரு ஏட்டையா. நான் பாகத்த எடுத்துச் சொன்னேன். மாமாவக் கூப்பிட்டுக் கேளுங்க, நாலு பேரு முன்னால பிரிச்சது, வலப்பக்கம் அவனுதுன்னு. ரெண்டு நாளும் அதத்தான் சொன்னேன். எழுதிக்கிட்டாரு. பாய் வர இன்னும் மூணு வாரமிருக்கு, வந்தா என்ன சொல்லுவாரோன்னு ஒரு பக்கம் எனக்குக் கலக்கம். இல்லங்கல.

நேத்து சாயங்காலம் அவனுக்கு நெனப்பு வந்திருக்கு. ஏட்டையா போயி வாக்குமூலம் வாங்கியாந்திருக்காரு. இன்னைக்குக் காலையில என்னக் கூப்பிட்டு உக்கார வச்சு வாசிச்சுக் காட்டுனாரு. நான் எழுத்து எழுத்தா ஞாபகம் வச்சிருக்கேன்.

‘வலது முன்சக்கரம் என் பொறுப்பு. கோளாறு இருப்பதாக மெக்கானிக் சொன்னதை என் அண்ணன் என்னிடம் நாலு தடவை எடுத்துச் சொன்னார். வண்டியை எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. அண்ணனை வற்புறுத்தி ஓட்டச் சொன்னதும் நான்தான். அவர் மீது எந்தத் தவறும் இல்லை.’

கீழ கைநாட்டு வச்சிருக்கான். கையெழுத்துப் போடுத பய, பத்தாங்கிளாஸு படிச்சவன். கை தூக்க முடியலையாம்.

ஏட்டையா தாள மடிச்சாரு. “தம்பி இப்பிடிச் சொல்லிட்டான். ஒம் மேல ஒண்ணும் இல்ல, போ”ன்னாரு.

பாத்தியளா அண்ணாச்சி. அவனே ஒத்துக்கிட்டான், வலப்பக்கம் எம் பொறுப்புன்னு. மூணு வருசமா நான் அதத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன். ஜெயிச்சிட்டேன்னு எந்திரிச்சு வாசல் வரைக்கும் வந்தேன். வாசல்ல செருப்பு மாட்டையிலதான் ஒறைக்குது. நாலு தடவை சொன்னேனாம். நான் எங்க சொன்னேன்? ஒரு தடவை சொன்னேனா? அவனுக்குத் தெரியும்லா நான் சொல்லலன்னு. எங் கண்ணப் பாத்துக் கேட்டான்லா. கேட்டு வச்சுக்கிட்டு, ரெண்டு நாளு மயக்கத்துல கெடந்துட்டு, முழிச்ச ஒடனே இந்தப் பொய்யச் சொல்லியிருக்கான்.

எனக்கு ஆத்திரமா வருது. திரும்பி உள்ள போயி ஏட்டையாட்ட, அவன் சொல்லுதது பொய்யி, நான் சொல்லவே இல்லன்னு சொன்னேன். அவரு, “போவே, வெளிய போவே”ன்னு கழுத்தப் பிடிச்சுத் தள்ளுதாரு. ஒருத்தரும் நம்ப மாட்டேங்காவ. கோமு போன் போட்டா, “அத்தான், நீங்க நாலு வாட்டி சொல்லியும் கேக்கலையே இந்த மனுசன்”னு அழுதா. மோரு குடுத்தாள்லா அன்னைக்கு, அவளே நம்பிட்டா. நான் இல்லம்மான்னு சொல்ல வாயெடுத்தேன். வரல.

பத்தமடை தாண்டியாச்சா? மேலப்பாளையம் வந்தா சொல்லுங்க, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, தூக்கம் இல்ல.

காலையில இருந்து ஒரே நெனப்புதான். போன ஒடனே ஒரு அறை விடணும். எதுக்குல பொய் சொன்னன்னு கேட்டு, செவுட்டோட சேத்து ஒண்ணு. அவனும் திருப்பி அடிப்பான், கடிப்பான், கடிக்கட்டும். அப்பத்தான் கணக்குச் சரியாகும். கோமுட்ட கேட்டேன், எப்பிடிம்மா இருக்கான்னு. வலது காலத் தொடையோட எடுத்துட்டாவளாம். இடது காலுக்குக் கம்பி வச்சிருக்காவளாம். இடுப்புல இருந்து நெஞ்சு வரைக்கும் மாவுக்கட்டாம், பெருவிரல் தவிர ரெண்டு கையும் கட்டாம், தலையைச் சுத்தித் துணியாம். ஒரு கண்ணும் வாயும் மட்டுந்தான் வெளிய இருக்காம்.

நான் எங்க அண்ணாச்சி அடிக்க?